பந்தயத்துக்குக் கொடுத்த மரங்கள்

ஒரு கார் பந்தயத்தில் கார்கள் விடும் புகை மிகக் குறைவு என்பதை வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் தெரிந்துகொண்டேன். மற்றவற்றோடு ஒப்பிட்டால் குறைவு. கார்களையும் டயர்களையும் சுமந்து வரும் விமானங்கள், பார்க்க வருகிறவர்களின் வண்டிகள், மூன்று நாளும் ஓடும் ஜெனரேட்டர்கள், விருந்தினர் கூடாரங்களின் ஏசி, வீணாகும் சாப்பாடு, தண்ணீர் பாட்டில்கள். இந்த வரிசையில் பந்தயக் கார் கடைசியில்தான் வரும்.

நான் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவள். பெருநகரத்தில் நடக்கும் ஒரு பெரிய பந்தயத்தின் மாசைக் குறைத்துத் தரும் பொறுப்பை எங்கள் சிறிய நிறுவனம் ஏற்றிருந்தது. ஜெனரேட்டர்களில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு மின்வாரிய இணைப்பு வாங்கினோம். டிக்கெட்டோடு ரயில் பயணத்தையும் சேர்த்தோம். பாட்டிலுக்குப் பதில் குழாய் வைத்தோம். முடிந்ததை ஒவ்வொன்றாக என் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தேன். விமானங்களை மட்டும் அடிக்க முடியவில்லை. அவற்றின் புகைக்கு ஈடாக எங்காவது மரங்கள் நிற்க வேண்டும் என்று முடிவானது. புதிதாக நடும் கன்றுகள் பெரும்பாலும் செத்துப்போகும், அதனால் ஏற்கெனவே நிற்கிற பெரிய மரங்களைத் தொடாமல் வளரவிட ஒப்பந்தம் போடலாம் என்று சொன்னவள் நான். இடத்தைச் சொன்னதும் நான்தான். எனக்கு ஊர் போடிநாயக்கனூர். மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவராவது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் உண்டு.

ஏலச்செடி வெயில் தாங்காது. பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். அந்த நிழல் மரங்களைத்தான் கேட்டோம். ஒப்பந்தத்தின் முதல் வடிவில் ‘மரத்தை வெட்டக் கூடாது’ என்று மட்டும் இருந்தது. கிளைகளும் அப்படியே இருந்தால் ஈடுகட்டும் அளவு கூடும் என்று கணக்கு சொன்னது. ‘கிளைகளையும் வெட்டக் கூடாது’ என்று நானே சேர்த்தேன். மழைக்கு முன்னால் மே மாதத்தில் தோட்டங்களில் கவாத்து நடக்கும், கிளைகளைக் கழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கழித்த கிளைகள் ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வரும், அம்மா அதை வைத்து வெந்நீர் போடுவாள். அதனால் கவாத்து விறகுக்காக என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஏழு தோட்டங்கள் சேர்ந்தன. ஒன்று என் சித்தியுடையது. சித்தப்பா இறந்த பிறகு போடிமெட்டுக்கு அப்பால் ஒன்றரை ஏக்கரைச் சித்தி தனியாகப் பார்த்துவந்தாள். அதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. முந்தைய கோடையில் தண்ணீர் இல்லாமல் செடிகள் காய்ந்து, குடத்தில் சுமந்து ஊற்றியிருந்தாள். ஒப்பந்தத்தில் சேர்கிறவர்களுக்கு நாங்கள் படுதாக்குளம் அமைத்துக் கொடுத்தோம். குழி தோண்டி, தார்ப்பாய் விரித்து, மழைநீரைப் பிடித்துவைக்கிற குளம். சித்தி சம்மதித்தது அதற்காக.

மார்ச்சில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பின் முன்மூடியில் ஒப்பந்தக் காகிதத்தை வைத்துச் சித்தி படித்தாள்.

“யாரோ கார் ஓட்டி வெளாடுறதுக்கு எந்தோட்டத்து மரம் நிக்கணுமாக்கும்.”

“எங்க பொகை விட்டாலும் ஒரே காத்துதான் சித்தி.”

ஜீப் ஓட்டும் அண்ணன் உள்ளேயிருந்தே, “அப்ப எம் வண்டிக்கும் ரெண்டு மரம் எழுதிக்க ஆத்தா,” என்றார்.

“ஒன் வண்டிக்கு ரெண்டு பத்தாதுப்பா. காடே வேணும்,” என்றாள் சித்தி. பிறகு அந்த வரியில் விரலை வைத்தாள். “கிளையும் வெட்டக் கூடாதுன்னு போட்ருக்க. அப்ப கவாத்து?”

“இந்த வருசம் விட்டுரு சித்தி. வெறகுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

விறகு என்றதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். “போன வருசம் மாதிரி மழை கொறஞ்சா ஒண்ணும் தெரியாது,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதமே டிரோன் வைத்து ஏழு தோட்டங்களையும் மேலிருந்து படம் எடுத்தோம். பந்தயம் ஆகஸ்டில். அது முடிந்து மழை விட்டதும் இன்னொரு முறை எடுத்து ஒப்பிட வேண்டும்.

மே மாதம் சித்தி போன் செய்தாள்.

“மரம் ஏறுற அண்ணன் கவாத்துக்கு வந்திருக்காக. நாளைக்கு நம்ம தோட்டத்துக்கு வரட்டுமான்னு கேக்குறாக. ரெண்டு கிளையக் கழிச்சா என்னடி? மேல இருந்து ஆரு பாக்கப்போறா?”

“மேல இருந்துதான் பாக்குறாங்க சித்தி.”

“நெழல் கட்டிப்போயிக் கெடக்கு. மழை பிடிச்சா செடிக்கு ஆகாது.”

நான் அலுவலகத்தில் இருந்தேன். எதிரே ரயில் டிக்கெட் வேலை பாதியில் இருந்தது. “ஒரு தோட்டம் மீறினாலும் மொத்தமும் தள்ளுபடியாயிரும். எம் பேருலதான் எல்லாம் இருக்கு சித்தி,” என்றேன்.

“சரி, வேண்டாம்னு சொல்லிர்றேன்,” என்றாள்.

அந்த ஆண்டு மழை குறையவில்லை. ஜூலை நடுவில் ஊருக்குப் போனவள் மறுநாள் காலை ஜீப்பில் மேலே ஏறினேன். தோட்டத்துக்குள் நுழையும் முன்பே நாற்றம் வந்தது. உள்ளே பகலிலேயே மங்கலாக இருந்தது. கிளையோடு கிளை கோத்திருந்ததால் மழை விட்டபின்னும் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. செடியின் அடியில் காய் பிடிக்கும் சரங்களைத் தூக்கிப் பார்த்தேன். காய்கள் பழுப்பேறி ஊறிப்போய், விரல் பட்டதும் உதிர்ந்தன. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். முதல் வரிசையில் நாற்பது தூர்கள், முப்பத்தொன்றில் அழுகல். இரண்டாவது வரிசையில் எண்ணுவதை நிறுத்தினேன். ஒரு தண்டைப் பிடித்ததும் அடி அழுகிக் கையோடு வந்துவிட்டது.

அழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இரண்டு முறை அடித்ததாகச் சித்தி சொன்னாள். வெயிலும் காற்றும் உள்ளே வராததால் மருந்து காய்ந்து ஒட்டவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. கத்தியால் அழுகிய சரங்களை அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே பேசினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் நின்றிருந்தார். அவரும் ஏழு பேரில் ஒருவர். அவர் தோட்டத்தில் வெளிச்சம் விழுந்தது. மரங்கள் உச்சியில் மட்டும் கொஞ்சம் இலையோடு நின்றன.

“நீங்க கவாத்து பண்ணிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“மே மாசமே. பண்ணாம இருப்பாகளா? நாங்க ஆறு பேரும் பண்ணியாச்சு. காகிதத்துல ஆயிரம் எழுதுவாக, அதப் பாத்தா வெள்ளாமை செய்ய முடியும்? ஒஞ்சித்திகிட்டயும் சொன்னேன். புள்ள வேலைக்கு ஏதாச்சும் ஆயிரும்னு ஒரே பிடியா நின்னுட்டா.”

சித்தி திரும்பவில்லை. “ஒம்ம செடியப் பாரும்யா,” என்று மட்டும் சொன்னாள்.

ஆக ஏழில் ஆறு தோட்டங்களில் ஒப்பந்தம் மே மாதமே முறிந்துபோயிருந்தது. சித்தி கிளைகளைக் காப்பாற்றியதால் பந்தயத்துக்கும் பயன் எதுவும் இல்லை. அங்கிருந்தே என் மேலதிகாரிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பந்தயம் முடியட்டும், இரண்டாவது படம் வந்த பிறகு பேசலாம் என்றார். அவர் பதிலுக்காக நிற்காமல் மரம் ஏறும் அண்ணனைத் தேடிப்போனேன். இன்றைக்கே வெட்டுங்கள், பழியை நான் ஏற்கிறேன் என்றேன்.

“பாசி பிடிச்ச மரம் ஆத்தா. காஞ்சிருக்கயில ஏறுனாத்தான் உசுரு நம்ம கையில. இப்ப ஏறச் சொன்னா எம் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிட்டு ஏத்து.”

அவரை வற்புறுத்தாமல் கீழே இறங்கினேன். மறுநாள் போடியிலிருந்து ரயிலேறினேன்.

பந்தயத்தில் நாங்கள் திட்டமிட்ட எல்லாம் நடந்தன. கூடாரங்களுக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தம் இல்லை. குழாய்களில் தண்ணீர் வந்தது. குப்பை மூன்றாகப் பிரிந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் பெரிய திரையில் மேலிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினார்கள். இடைவெளியே இல்லாத பச்சை. இந்தக் காடு பந்தயத்துக்காகக் காக்கப்படுகிறது என்று அறிவிப்பாளர் சொன்னார். மக்கள் கைதட்டினார்கள். அது சித்தியின் தோட்டம், மார்ச்சில் எடுத்த படம். உடன் வேலை செய்கிற பெண், “உங்க ஊராமே, எவ்வளவு பசுமை,” என்றாள். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் அறிக்கை எழுதினேன். ஆறு தோட்டங்களில் கிளைகள் வெட்டப்பட்டன. ஒன்றில் வெட்டப்படவில்லை, அங்கே பயிர் அழிந்தது. கிளை பற்றிய வரியைச் சேர்த்தவள் நான், அதை நீக்க வேண்டும். அந்த வரி போனால் அளவு போதாது என்று ஏழு தோட்டங்களையும் விட்டுவிட்டு, வேறு மாநிலத்தில் வேறு மரங்களைத் தேடப் போனார்கள். நான் அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டேன்.

ஒப்பந்தத்திலிருந்து சித்தியை விடுவிக்கும் கடிதத்தை அக்டோபரில் நானே கொண்டுபோனேன். சித்தி மண்வெட்டியோடு மிச்சமிருந்த அழுகல் தூர்களைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பாதித் தோட்டம் வெறும் மண். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இனிமே கிளைய வெட்டலாமா?”

“வெட்டலாம் சித்தி.”

“இப்ப வெட்டி என்னத்துக்கு? கீழ செடி இல்ல. வெயிலு விழுந்தா மண்ணுதான் காயும்.” மண்வெட்டியைத் துடைத்துச் சாத்தினாள். “புதுக் கண்ணு வச்சாலும் அதுக்கு நெழல் வேணும். காய்க்க மூணு வருசம் ஆகும். நிக்கட்டும்.”

அதுவரை என்ன செய்வாய் என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுக்க ஆள் பற்றவில்லை, திங்கட்கிழமையிலிருந்து கூலிக்குப் போவதாகச் சொன்னாள்.