குரவைக்கு விட்ட இடம்

1950களில், என் அக்கா, நாங்கள் ராத்தா என்று அழைப்பவள், கைத்தறியில் நெய்தபடியே பாட்டுக் கட்டுவாள். அயல்வீட்டு வானொலியில் கேட்ட ஜாஸ் பாடகிகளைப் போல, தறியின் அடிக்குச் சற்றுப் பிந்தி, வரிக்கு நடுவே நின்று நின்று பாடுவாள்.

மருதமுனையில் ஒரு கலியாண வீட்டில், பெண்கள் மட்டும் கூடிய அறையில், அவளை முதன்முதலாகப் பாட அழைத்தார்கள்.

"ஆக்கள் சிரிச்சாங்களெண்டா இதோட பாட்டெல்லாம் நிப்பாட்டிரணும், விளங்கிச்சா?" என்றார் உம்மா.

"ஓம் உம்மா."

எங்கள் பக்கத்தில் பாட்டு முடிந்ததும் பெண்கள் நாவைச் சுழற்றிக் குரவையிடுவார்கள். ராத்தா முதல் வரியின் நடுவே நின்றதும், பாட்டு முடிந்ததென்று எண்ணி எல்லோரும் குரவையிட்டுவிட்டார்கள்.

"முடிஞ்சிட்டா, இன்னும் கிடக்கா? சொல்லிப்போட்டு நிப்பாட்டுகா!" என்றார் மணமகளின் மாமி. அறையே சிரித்தது. உம்மாவின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன்.

ராத்தாவும் சிரித்தாள். பிறகு அதே வரியை மீண்டும் எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள். இம்முறை ஒருவரும் குரவையிடவில்லை. அந்த அமைதியில் எனக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் குரவை எழுந்தது. அது உம்மாவின் குரல்.

பின்னர் ஊர் ஊராகப் போய்ப் பாடிய காலமெல்லாம், ராத்தா தன் பாட்டுகளில் அந்த இடத்தை உம்மாவுக்காகவே விட்டுவைத்தாள்.