அம்சத்தின் வயலில் ஆணி

என் சட்டைப் பொத்தானில் தொடங்கினார் அம்சம். ஒட்டவில்லை. மூக்குக்கண்ணாடிச் சட்டம், பேனா மூடி, கைக்கடிகார வார் என்று வரிசையாகக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட இரும்புச் சத்தே இல்லீங்களே" என்றார்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அவர் குடிசைக்கு யார் போனாலும் இந்தச் சோதனை உண்டு. விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் நடந்த அடிதடியில் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் அது. இடுப்பில் முடிந்து வைத்திருப்பதால் அங்கேயே செருகியிருக்கும் பாக்குவெட்டி ஓயாமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கிக்கொண்டே திட்டுவார். ஐம்பது காசு ஒட்டும், அது நிக்கல். ஐந்து காசு அலுமினியம், ஒட்டாது. பித்தளைச் செம்பும் ஒட்டாது.

"அது ஏன் அப்புடி?" என்று கேட்டார். இரும்புக்குள்ளும் நிக்கலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு காந்தங்கள் இருக்கின்றன, வெளியே ஒரு காந்தம் வந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும் என்றேன். பித்தளைச் செம்பில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றின் பலத்தை மற்றது அழித்துவிடும்.

"அப்ப இரும்புல சங்கம் இருக்கு, செம்புல இல்லேன்னு சொல்லுங்க." சங்கத்தை இழுக்காமல் அவரால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

ஊரார் வயலிலேயே நட்டுப் பழகிய அவருக்கு இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்திருக்கிறது. மிராசுதாரிடமிருந்து அரசாங்கம் எடுத்த உபரி நிலம். பட்டா வந்த கையோடு யாரோ சேற்றில் ஆணிகளைக் கொட்டிவிட்டார்கள். நடவுக்கு இறங்கிய கூட்டாளி நீலாம்பாளின் காலில் ஒன்று ஏறியது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் இறங்கவில்லை. நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் முதல் வெள்ளாமையே போய்விடும்.

நான் போயிருந்த அன்று அம்சம் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வயல் முழுக்க இழுத்தார். ஆணிகள் சேற்றோடு கொத்தாக வந்தன. வரப்பில் நின்ற பெண்கள் அசையவில்லை.

"பித்தள, கண்ணாடியெல்லாம் அதுல ஒட்டாதுன்னு ஊருக்கெல்லாம் காட்டுனதே நீதானக்கா, அதையும் கொட்டியிருந்தா?" என்றார் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த நீலாம்பாள்.

எனக்கு அம்சத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். "இருந்தா எங் கால்லயே ஏறட்டும்" என்று சொல்லி, ஓர் இடம் விடாமல் அழுத்தி மிதித்துக்கொண்டே போனார். கடைசி மூலை வரை மிதித்துவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவி, நீலாம்பாளின் எதிரில் வந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் நீட்டினார்.

நீலாம்பாள் அவற்றை மடியில் வாங்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நடவுக்குப் பறித்து வைத்திருந்த நாற்றுமுடி ஒன்றை எடுத்து, வயலின் நடுவில் போய் விழும்படி வீசினார்.