கொக்கி மாட்டும் முன் குனிந்து பார்த்தவர்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, வேட்டி சட்டையில் நல்ல படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று உறவினர் சிலர் கேட்டார்கள். கிடைத்தது. ஆனால் கவிழ்ந்த லாரியின் அடியில் தலையை நீட்டி, பாதி முகம் மட்டும் தெரிய அண்ணன் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் படம்தான் அவர் மாதிரியே இருக்கிறது என்று அண்ணி சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, எனக்குத் தெரிந்த அண்ணனைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தொண்டூரில், சொந்த நிலம் இல்லாத வீட்டில் அண்ணன் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தவறிய பிறகு அண்ணன் பள்ளிக்கூடம் போகவில்லை. தங்கைக்காகப் படிப்பை விட்டவர் என்று ஊரில் சொல்வார்கள். அவரே அதை ஒத்துக்கொண்டதில்லை. "நான் எங்க விட்டேன்? அதுதான் என்னை விட்டுடுச்சு" என்று சிரிப்பார்.

செஞ்சியில் லாரி கிளீனராகச் சேர்ந்தார். பிறகு ஓட்டுநரானார். பல ஆண்டுகள் டிரெய்லரில் பெரிய கருங்கல் பாளங்களைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் நண்பர் ஏழுமலையோடு சேர்ந்து, விபத்தில் சிக்கிய வண்டிகளைத் தூக்கி இழுத்துவரும் ரெக்கவரி வண்டி ஒன்றை வாங்கினார்.

அந்தத் தொழிலின் இரண்டாவது வருடத்தில்தான் அது நடந்தது. ஏரிக்கரைச் சேற்றில் நெல் லாரி ஒன்று புதைந்துவிட்டது. அண்ணன் வண்டியில் அமர்ந்து இழுக்க, ஏழுமலை அண்ணன் கம்பிவடத்தின் பக்கத்தில் நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். இழுவையின் நடுவில் வடம் அறுந்தது. அறுந்த முனை சாட்டை மாதிரி திரும்பி வந்து அவர் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

பழைய வடம், யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் அதை ஏற்கவில்லை. "அவன அங்க நிக்க வெச்சது நான்தான்" என்று மட்டும் சொன்னார். அறுந்த வடத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு புரியாகப் பிரித்தார். மூன்று நாள் பிரித்தார். மேலே கிரீஸ் பூசி மினுமினுவென்று இருந்த வடத்தின் உட்கம்பிகள் துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தன. அதை ஒரு தாளில் கொட்டிக்கொண்டு, நான் பி.எட். படித்த கல்லூரி விடுதிக்கே வந்துவிட்டார்.

"பாப்பா, வெளிய பாத்தா புதுசு. உள்ள இப்படி இருக்குது. இத எப்படி கண்டுபுடிக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. "சரி, தெரிஞ்சிக்கலாம்" என்றார். அன்று தொடங்கியதுதான் எங்கள் இருவருக்குமான அந்தப் பேச்சு. அதன்பின் கடைசிவரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையான பிறகு கேள்விகள் ஃபோனில் வந்தன. மதிய உணவு நேரம் பார்த்துக் கூப்பிடுவார். பாதி நிரம்பிய தண்ணீர் லாரி வளைவில் ஏன் அதிகமாகச் சாய்கிறது? மழை பெய்தவுடன் சாலை ஏன் இன்னும் வழுக்குகிறது? இழுத்துப் போகிற வண்டி பிரேக் போட்டால், பின்னால் வருவது ஏன் பக்கவாட்டில் மடங்குகிறது? சிலவற்றுக்கு உடனே சொல்வேன். சிலவற்றுக்குப் புத்தகம் தேடுவேன்.

ஒரு சனிக்கிழமை, தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அண்ணனைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். இரண்டு சுருள்வில் தராசுகளில் ஓர் இரும்புக் குண்டைச் சேர்த்துத் தொங்கவிட்டோம். தராசுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது ஆளுக்குப் பாதி எடை காட்டின. இரண்டையும் விலக்கிக்கொண்டே போனோம். முள் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒவ்வொரு தராசும் குண்டின் முழு எடையைவிட அதிகமாகக் காட்டியது. அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"குண்டு அப்படியேதான் இருக்குது. நாம கைய விரிச்சதுக்கா இவ்ளோ கோவம் அதுக்கு?"

திரும்பத் திரும்ப விரித்தும் குறுக்கியும் பார்த்தார். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார். அதற்குப் பின் சங்கிலியைப் படுக்கையாக விரித்துக் கட்டிப் பாரம் தூக்கியதே இல்லை. வடம் இழுபடும்போது அதன் நீளத்துக்குள் ஆள் யாரும் நிற்கக் கூடாது. வடத்தின் நடுவில் நனைத்த கோணிகளைப் போட்ட பிறகுதான் வண்டியை நகர்த்துவார். அறுந்தாலும் அது துள்ளாமல் கீழே விழ வேண்டும் என்பதற்காக.

எப்போதும் வேலையாகவே இருந்தார் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு மண்டகப்பட்டு குகைக்கோயிலுக்குப் போனோம். பாறையைக் குடைந்த மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்த அண்ணன், "கட்டினவன் கெட்டிக்காரன் பாப்பா. கல்லத் தூக்கவே இல்ல. கல்லு இருந்த எடத்துலயே கோயில வெச்சிட்டான்" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பில் அங்கிருந்த காவலரும் சேர்ந்துகொண்டார்.

இனி நான் இதுவரை வெளியில் சொல்லாத ஒன்றை எழுத வேண்டும்.

சமையல் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் ஒன்று திருவண்ணாமலைச் சாலையின் வளைவில் கவிழ்ந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். காலை நேரம். அண்ணனை வரவழைத்திருந்தார்கள். வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, கைப்பேசியையும் அதிலேயே வைத்துவிட்டு நடந்துபோனாராம். டேங்கரைச் சுற்றி வந்தார். மூக்கால் மோந்தார், காதால் கேட்டார். வால்வுப் பக்கம் மெல்லிய சீறல் இருந்தது. அந்த வாயு மேலே போகாது, பள்ளம் பார்த்துத் தவழும் என்பது அவருக்குத் தெரியும். சாலையோரப் பள்ளத்தில் வேடிக்கை பார்த்தவர்களை முதலில் மேட்டுப் பக்கம் ஏற்றினார். பிறகு, எரிவாயுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை தூக்க முடியாது என்றார்.

அங்கிருந்த அதிகாரி ஒருவர் சத்தம் போட்டார். "ரெண்டு பக்கமும் எவ்ளோ வண்டி நிக்குது பாத்தியா? தூக்குய்யா!"

"உள்ள எவ்ளோ இருக்குது, எங்க ஒடைஞ்சிருக்குதுன்னு தெரியாம கொக்கி மாட்ட மாட்டேன் சார்."

அதற்குள் வேறொரு கிரேன் வந்துவிட்டது. அதன் ஓட்டுநர் செல்வம் தூக்கத் தயாராக இருந்தார். அண்ணன் வேறு வழியில்லாமல் அந்த கிரேனுக்கு முன்னால் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நெரிசலில் நின்ற பேருந்து ஒன்றில் நான் இருந்தேன். பள்ளியில் அன்று தேர்வு. கண்டக்டர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்து, "எவனோ கிரேன்காரன் ரோட்ல குந்திக்கினு வுட மாட்டேன்றானாம்" என்றார். பேருந்து முழுக்கத் திட்டியது. பின்னால் இருந்த ஒருவர், "காசு கேக்கறான் போல" என்றார். சாலையில் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவர் என் அண்ணன் என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் கழித்துக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கிரேன் கொக்கி மாட்டவிருந்த பக்கத்தில்தான் வால்வின் அடிக்குழாய் விரிசல் விட்டிருந்தது. தூக்கியிருந்தால் அது முறிந்திருக்கும் என்றார்கள். கசிவை அடைத்து, வாயுவை வேறொரு காலி டேங்கருக்கு மாற்றி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வேலை நடந்தது. தூக்கும் நேரம் வந்தபோது அண்ணன் செல்வத்தைத்தான் கூப்பிட்டார். "நீ அந்தப் பக்கம் புடி. என் கையப் பாத்துக்கினே தூக்கு."

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போய், பேருந்தில் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சொல்லி அழுதேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"பஸ்ல எத்தினி பேரு இருந்தீங்க?"

"அறுபது பேர் இருப்போம் அண்ணா."

"அறுபது பேரும் திட்டினாங்களா?"

"ஆமா."

"திட்டட்டும். திட்டறதுக்கு இருக்கறாங்கல்ல." பிறகு, அந்தக் குழாய் ஏன் அந்த இடத்தில் விரிசல் விட்டது என்று என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பேருந்தில் இருந்தவர் யாராவது இந்த மலரைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள். அவர் காசு கேட்கவில்லை. அவர் என் அண்ணன்.

சென்ற ஆண்டு கல்லீரல் நோயில் படுத்தார். குடிப் பழக்கமே இல்லாதவருக்கு இது எப்படி வந்தது என்று நாங்கள் கலங்கினோம். அவரோ மருத்துவரிடம் கல்லீரல் என்னென்ன வேலை செய்கிறது என்று விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். உடல் இளைத்து, வயிறு மட்டும் வீங்கி, தானாக எழ முடியாமல் போனது.

அண்ணனைத் தங்கள் தோளில் சுமந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாரம் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்த ஏழுமலை அண்ணனுக்கும், அந்த டேங்கர் நாளுக்குப் பின் அண்ணனோடு சேர்ந்து, ரெக்கவரி வண்டியை இன்று பொறுப்பாக நடத்திவரும் செல்வத்துக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் ஸ்கேன் எடுக்க, வார்டில் வேலை செய்யும் நான்கு பெண்கள் அண்ணனைப் படுக்கை விரிப்போடு அப்படியே தூக்கி ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அந்த வலியிலும் அண்ணன் கண் திறந்து, அவர்களில் மூத்தவரைக் கேட்டார்.

"ஏம்மா, நாலு மூலைக்கும் ஒரே வெயிட்டாவா வருது?"

அந்த அம்மாள் விரிப்பின் மூலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "இல்ல அண்ணே, தலப் பக்கம் ஜாஸ்தி. அதான் பலமா இருக்கறவ அங்க நிப்பா. மூணு சொல்லி ஒண்ணாத் தூக்கணும். ஒருத்தி முந்தினாலும் உங்களுக்குத்தான் வலிக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "எழுதிக்கோ பாப்பா" என்றார்.

எழுதிக்கொண்டேன். அந்த அம்மாளின் பெயரைக் கேட்க மட்டும் மறந்துபோனேன். இந்த மலரின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு நாளை அந்த வார்டுக்குப் போகிறேன்.