நாற்பது மன்னிப்பு

களமருதூர் எழில்மதிக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்தது. வேறு யாருக்காவது வந்திருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவளுக்கு அந்த விரல்தான் பிழைப்பு. பிளஸ் டூ முடித்து, இரண்டு வருஷம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி வாங்கிய செல்போனில், விரலாலேயே வரைந்து வரைந்து ‘பச்சையம்மா வூடு’ என்கிற கார்ட்டூன் தொடரை நாற்பது வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். உளுந்தூர்பேட்டை கேபிள் சேனலில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வரும். புருஷன் பெண்டாட்டி சண்டைதான் கதை. பச்சையம்மாவுக்குக் குரல் எழில்மதியின் அம்மா லட்சுமியம்மாள். நடவுக்குப் போய்வந்து, காலில் சேறு காய்வதற்குள் பேசிக் கொடுத்துவிடுவாள். புருஷனுக்குக் குரல் சேனல் முதலாளி சின்னதுரை. முதலாளி இல்லையா, வேறு யாரை விடுவார்?

அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிறு ஆறு மணி காலியாகப் போனால் தொடர் அதோடு சரி. புதுசாக வரைய முடியாவிட்டால் பழைய துண்டுகளை ஒட்டியாவது கொண்டுவரச் சொன்னார். ஊசிப்போன சோற்றைத் தாளிக்கச் சொல்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல். பழசை ஒட்டி ஊரை ஏமாற்ற அவள் என்ன கையாலாகாதவளா?

வேறு வழியில்லாமல் நாற்பது பகுதியையும் ஒரே மூச்சில் போட்டுப் பார்த்தாள். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தபோது கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. தப்பு யார்மேல் இருந்தாலும் கடைசியில் மன்னிப்புக் கேட்பது பச்சையம்மாதான். புருஷன் மாட்டைக் கட்ட மறந்தாலும் அவள், ரேஷன் கார்டைத் தொலைத்தாலும் அவள். குடும்பம் பார்க்கிற நிகழ்ச்சி, சண்டை சமாதானமாக முடியவேண்டும் என்பது சின்னதுரை போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்குப் படம் வரைந்து கொடுத்தது யார்? இவளேதான். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

இடது கையால் தட்டுத்தடுமாறி நாற்பது மன்னிப்பையும் வெட்டி எடுத்தாள். சண்டை எதற்கென்று தெரிகிற அளவுக்கு மட்டும் முன்னால் கொஞ்சம் வைத்து, வரிசையாக ஒட்டினாள். “தெரியாம பண்ட்டேங்க.” “எம்மேலதாங்க தப்பு.” பத்து வரைக்கும் அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபது தாண்டியதும் லட்சுமியம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அத்தனையும் பழசுதான், ஆனால் சேர்த்துப் பார்த்தால் யாரும் பார்க்காத புதுக் கதை. முடிவுக்கு ஒரே ஒரு படத்தைக் கோணல்மாணலாக வரைந்து சேர்த்தாள். பச்சையம்மா வாயை மூடிக்கொண்டு புருஷனைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சேனல் ஆபீசில் சின்னதுரை அதைப் பார்த்தார். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். போகப்போக முகம் சுண்டியது.

“இன்னாம்மா இது, அந்தரத்துல வுட்டுட்ட? ஒங்கம்மாவ ஒரு மன்னிப்பு சொல்ல வெச்சி முடிச்சிடு. இல்லாட்டி இதோட நிறுத்திக்கலாம்.”

தொடர் போனால் மறுபடியும் கோழிப்பண்ணைதான். இருந்தும் எழில்மதி தலை குனியவில்லை. செல்போனில் பதிவுப் பொத்தானை அழுத்தி அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“எங்கம்மா நாப்பது வாட்டி சொல்லிட்டாங்கண்ணா. இந்த வாட்டி புருஷங்காரன் சொல்லட்டும். சொல்லுங்க, பதிஞ்சிக்கிறேன்.”

சின்னதுரை தொண்டையைச் செருமினார். செல்போனைத் தள்ளிவிடப் பார்த்தார். அவள் கையை இறக்கவே இல்லை.

“அப்பிடியே போட்டுத் தொல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.