வண்டி நிறுத்தப் போயிருக்கிறார்

பெங்களூரில் ஆர்கெஸ்ட்ரா கேட்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சங்கீதம் அல்ல, வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. கண்டோன்மெண்ட் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன அந்தப் பழைய ஹாலில் தூண் உண்டு, மர மாடிப்படி உண்டு, உத்தரத்தில் குடும்பத்தோடு புறாக்கள் உண்டு. பார்க்கிங் மட்டும் கிடையாது. அதனால் என் கணவர் என்னை கேட்டில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரோடு தெருத்தெருவாக அலைவார். சில நாள் சிவாஜிநகர் மார்க்கெட் வரை போய் நிறுத்திவிட்டு நடந்து வருவார்.

நான் உள்ளே ஓடி இடம் பிடிப்பேன். இலவச பாஸ்தான், நாற்காலிக்கு நம்பர் கிடையாது. ஒரு நாற்காலியில் நான், பக்கத்து நாற்காலியில் என் சால்வை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டே வளர்ந்த ஜனம் நாம். சிம்பொனிக்குப் போனால் மட்டும் புத்தி மாறிவிடுமா? விளக்கு மங்குகிற நேரத்தில் அவர் வியர்த்து விறுவிறுத்து வந்து, சால்வையை என் மடியில் போட்டுவிட்டு உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் ஆட்டோவில் போனேன். அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வழக்கமான வரிசையில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பக்கத்து நாற்காலியில் சால்வை கிடந்தது. நான்தான் போட்டிருக்கிறேன். போட்டது எனக்கே தெரியவில்லை.

எடுக்கலாம் என்று கையை நீட்டியபோது ஒரு வாலிபன் வந்து, யாராவது வருகிறார்களா என்று கன்னடத்தில் கேட்டான். வருகிறார், வண்டி நிறுத்தப் போயிருக்கிறார் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். வருஷக்கணக்காகச் சொன்ன பதில். யோசிக்காமல் வந்துவிட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனான்.

அதற்குப் பிறகு சால்வையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்ததை நான் யாருக்கும் சொன்னதே இல்லை. சொல்லும் வேலையை யாரும் எனக்கு வைக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு மைத்துனர் போன் செய்தார். சபையில் போதகர் அறிவித்தார். தெருவுக்குத் தெருவே சொல்லிக்கொண்டது. கர்த்தர் நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்று ஒரு அம்மாள் ரசத்தோடு வந்து ஆறுதல் சொன்னாள். அப்படியானால் உன்னை நூறு வயதுவரை விட்டுவைப்பார் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு ரசத்தை வாங்கி வைத்தேன். நான் போகிற இடமெல்லாம் செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இந்த ஹாலுக்கு மட்டும் அது வரவில்லை. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. இங்கே அவர் வண்டி நிறுத்தத்தான் போயிருந்தார். அதை நானே கெடுத்துக்கொள்வானேன்?

ஹால் நிரம்பிக்கொண்டே வந்தது. ஒரு தம்பதி கேட்டார்கள். பிறகு கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, ஜனங்கள் நிற்கிறார்கள், உங்கள் ஆள் எப்போது வருவார் என்றாள். டிராபிக் என்றேன். பெங்களூரில் இந்தச் சொல்லுக்கு மறுபேச்சே கிடையாது.

மேடையில் வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சுரம் எழுதிய நோட்டுத்தாள் பறக்காமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தினார்கள். அப்படியும் நம்பிக்கை இல்லாமல் சிலர் தாளுக்குத் துணி கிளிப் மாட்டியிருந்தார்கள். பின்னால் ஆள் உயர வயலின் மாதிரி டபுள் பாஸ்கள் நின்றன. என் கணவர் சபைப் பாடகர் குழுவில் பாஸ் என்கிற கீழ்க்குரல் பாடியவர். “வயலினுக்குப் பேரு, பாஸுக்கு வேலை” என்று ஒவ்வொரு கச்சேரியிலும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அதைப் புதுசாகக் கண்டுபிடித்தவர் மாதிரி சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வாத்தியக் குழுவின் நடத்துநர் குச்சியோடு மேடைக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்கள். அங்கே அது கண்டிப்பான வழக்கம். தாமதமாக வருகிறவர், முதல் உருப்படி முடியும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. வந்துவிட்டார், கதவு சாத்தியிருக்கிறது, வராந்தாவில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். முதல் உருப்படி முழுக்க நான் இசையைக் கேட்கவில்லை. அவர் அங்கே நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவே இருந்தேன், அதை மறைப்பானேன்.

முடிந்து கைதட்டல் எழுந்தது. கதவைத் திறந்தார்கள். வெளியே காத்திருந்தவர்கள் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். நான் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசி ஆள் வரைக்கும் பார்த்தேன். சவப்பெட்டியின் மேல் என் கையால் மண் போட்டவள் நான், ஆனாலும் பார்த்தேன்.

கடைசியாக வந்தவள் என் வயதுப் பெண். பட்டுப் புடவை, கையில் பிளாஸ்டிக் கூடை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். காலியாக இருந்த ஒரே நாற்காலியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். பொம்மனஹள்ளியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறாளாம். மகள் முதல் தடவையாக மேடையில் வயோலா வாசிக்கிறாளாம். சால்வையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, காலு ரொம்ப நோவுது. அவங்க வந்தா எழுந்துடறேன். அதுவரைக்கும் உக்காந்துக்கட்டுமா?”

சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கதவை மறுபடி சாத்தினார்கள். சிம்பொனி தொடங்கியது.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக. மகளைப் பார்ப்பாள், உடனே கதவைப் பார்ப்பாள். பின்னால் யாரோ செருப்பை நகர்த்தினால்கூடக் கூடையை எடுத்துக்கொண்டு பாதி எழுவாள். முன்பின் அறியாத ஒருத்தி, மகளின் முதல் கச்சேரியைப் பாதி விட்டுவிட்டு, என் கணவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் நான் தனியாகக் காத்திருந்தேன். இப்போது துணைக்கு ஆள் கிடைத்திருந்தது, அதுவும் நொந்த காலோடு. எனக்குத் தாங்கவில்லை.

சிம்பொனியின் முதல் பகுதி முடிந்தது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் அங்கே கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. இருமலாம், அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் எனக்கு வாய் திறந்தது.

“நல்லா சாஞ்சு உக்காரும்மா. அவர் வரமாட்டார். செத்துப்போயிட்டார்.”

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். பிறகு, நான் சொன்னபடியே, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நடத்துநர் குச்சியைத் தூக்கினார். இரண்டாம் பகுதி பாஸ்களில்தான் தொடங்கியது. கச்சேரி முடிந்து எல்லோரும் கைதட்டுவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.