வள்ளம் அசையாத நாள்

அக்கா கம்ப்யூட்டர் படிக்கப் போன நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத சொல் கீபோட். வகுப்பு கிளிநொச்சியில். ஜெனரேட்டர் ஓடும் ஒரு மணித்தியாலம்தான் கம்ப்யூட்டர். மற்ற நேரத்துக்கு அவள் பிஸ்கட் பெட்டி மட்டையில் கீபோட் கீறி வைத்து விரல் பழகினாள். எங்கள் ஊர் வட்டக்கச்சியின் வெயிலில் நான் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற, அவள் நிழலில் இருந்து மட்டையைத் தட்டுவாள். அதற்கு அம்மா தேத்தண்ணீர் வேறு கொடுப்பார். எனக்கு வயிறு எரியும்.

கொப்பியில் அவள் கம்ப்யூட்டருக்கு ஒரு நிரல் எழுதினாள். திரையில் ஒரு வள்ளம். அம்புக் கீயை அமத்தினால் அந்தப் பக்கம் போகும். மேலே, பார்ப்பவர் தன் பெயரை அடிக்க ஒரு பெட்டி. கேட்க வேறு ஆளில்லாததால் எனக்கு விளக்குவாள்.

“பேர்ப் பெட்டிக்குள்ள கோடு மினுங்கினா, எந்தக் கீயை அமத்தினாலும் அங்கதான் போகும். வள்ளத்தை ஒருக்கா மவுஸால தட்டினாத்தான் அது திரும்ப ஓடும்.”

பெற்றோருக்குச் செய்து காட்டும் நாள் வந்தது. நன்றாகச் செய்பவரை அங்கேயே படிப்பிக்க வைத்துக்கொள்வதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். அக்காவின் முறை கடைசி. வள்ளத்தைத் திரையில் வரவைத்து, கூட வந்த என்னை அதன் முன்னால் இருத்திவிட்டு, அப்பாவைக் கூட்டிவர அவள் வாசலுக்குப் போனாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். எனக்காக அவர் ஒருநாளும் அதைக் கட்டியதில்லை. நான் மவுஸைப் பெயர்ப் பெட்டிக்குள் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டினேன்.

அக்கா அம்புக் கீயை அமத்தினாள். வள்ளம் அசையவில்லை. திரும்பத் திரும்ப அமத்தினாள். எழுதியதில்தான் பிழை என்று நினைத்து, கொப்பியைப் புரட்டினாள். சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அப்பாவின் வேட்டியைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டேன். ஜெனரேட்டர் நின்றது. மாஸ்டர் வேறொரு பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

அப்பா முன்னால் போய்விட்டார். நான் அக்காவின் சைக்கிள் கரியரில் இருந்தேன். பாதிவழியில் அவள் சைக்கிளை நிறுத்தினாள். திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“வடிவாப் பிடிச்சுக்கொண்டு இரு. றோட்டில பள்ளம் கிடங்கு வருது,” என்றாள்.

வீட்டில் அம்மா என்ன நடந்தது என்று கேட்டார்.

“என்ர பிழைதான் அம்மா.”

அடுத்த நாள் அவளும் என்னோடு வாளி தூக்கினாள். இனி இரண்டு பேரும் சமம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெயர்ப் பெட்டியின் விஷயத்தை அவள் எனக்கு மட்டும்தான் சொல்லித் தந்திருந்தாள் என்பது அன்றைக்கு என் மூளைக்கு எட்டவில்லை.