கை பட்ட மெசின்

நல்லூர்க் கோயிலில் கொடியேறுவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போதே பத்மாசினியின் மின்சாதனம் திருத்தும் கடைக்குள் கால் வைக்க இடம் இராது. மேசைக்கு மேலே, மேசைக்குக் கீழே, கதிரையில், வாசற்படியில் என்று எங்கும், சூடான காற்றில் பொரிக்கும் எயார் பிரையர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியவை, வந்தபோது கொண்டுவந்து விட்டுப்போனவை. பக்கத்துக் கடையில் போட்டோக் கொப்பி எடுத்துக்கொடுக்கும் எனக்கு அந்த இரண்டு கிழமையும் மீன் வெடுக்குத்தான் காற்று.

திருவிழா இருபத்தைந்து நாளும் எங்கள் பகுதியில் மச்சம் இல்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. மச்சம் சமைத்த சட்டிகளை ஒதுக்கிவிட்டு மரக்கறிச் சட்டிகளை இறக்குவோம். சட்டி என்றால் இரண்டு வைத்திருக்கலாம். எயார் பிரையர் எந்த வீட்டில் இரண்டு இருக்கிறது? பதினொரு மாதம் பாரைத் துண்டும் கோழிக்காலும் பொரித்த அதே மெசினில் கத்தரிக்காய் பொரிக்க வேண்டும் என்கிறார்கள். மச்ச மணத்தைப் போக்க மந்திரம் ஒன்றும் இல்லை. ஆகவே கழுவுவிக்கப் பத்மாசினியிடம் வருகிறார்கள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வடமராட்சிக் கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு மின்னியல் பயிற்சிக்குப் போனாள்; அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பயிற்சி முடிந்து பட்டணத்தில் ஒரு கடையில் சேர்ந்தபோது முதலாளி அவள் கையில் துணியைக் கொடுத்துக் கண்ணாடி அலுமாரியைத் துடைக்கச் சொன்னார். ஒரு மாதம் துடைத்தாள். அங்கே மூன்று ஆண்கள் பார்த்துக் கைவிட்ட கிறைண்டர் ஒன்றை ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருத்தி, முதலாளியின் மேசையில் ஓடவிட்டு, துணியையும் மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு யாரிடமும் அவள் வேலைக்குப் போகவில்லை. இந்தக் குறுகிய ஒழுங்கையில், ரியூசன் வகுப்பு நடக்கும் மாடிக்குக் கீழே கடை போட்டுப் பன்னிரண்டு வருடம்.

அவள் கழுவுகிற விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கூடையையும் தட்டையும் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போடுவாள். கம்பிச் சுருளைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். அது மேற்பூச்சை உரித்துவிடும். மென்மையான பஞ்சுதான். பிறகு மெசினைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். சூடாகும் கம்பி மேலேதான் இருக்கிறது, எண்ணெய் தெறித்துப் படிவதும் அங்கேதான். கூடையை எத்தனை தரம் கழுவினாலும் அடுத்த தரம் சூடாக்கும்போது மீன் மணப்பது அதனால்தான். அப்பச்சோடாவைக் குழைத்துப் பல் தூரிகையால் கம்பியில் பூசி, பொறுத்திருந்து, பிழிந்த துணியால் நாலு தரம் துடைப்பாள். கடைசியில் தேசிக்காயை வெட்டி உள்ளே வைத்து ஓடவிடுவாள். மெசினின் உடம்பில் மட்டும் ஒரு துளித் தண்ணீர் படவிடமாட்டாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்புவாள்.

பாலேஸ்வரி ரீச்சரின் மெசின் மற்றவற்றைவிடக் கெட்டிக்கார மெசின். லண்டனில் இருக்கும் மகன் சுபாங்கன் வாங்கி அனுப்பியது. அதற்கு ஒரு செயலி உண்டு. அது மகனின் போனில் இருந்தது. கழுவும் நாள் வந்தால் மெசின் லண்டனுக்கு அறிவிக்கும், அவன் தாய்க்குப் போன் எடுத்து ஏன் இன்னும் கழுவவில்லை என்று கேட்பான். முப்பது வருடம் பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைத் திருத்தியவருக்கு, ஒரு மெசின் தன்னைப்பற்றிக் கோள் சொல்வது எப்படிப் பிடிக்கும்? அந்த வருடம் கொடியேற்றத்துக்கு முன் ரீச்சரும் அதைப் பத்மாசினியிடம் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை கழுவி, ஓடவிட்டுக் காட்டி, திருப்பிக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளி காலை ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். மகள் கீர்த்திகா மெசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். கடைவாசலில் ஆறேழு பேர் மெசின்களோடு நின்றார்கள். மெசின் செத்துவிட்டது என்றார் ரீச்சர். பத்மாசினி உள்ளே தண்ணீர் விட்டுப் பழுதாக்கிவிட்டாள், தெரியாத வேலையை ஏன் எடுக்க வேண்டும், என்று வகுப்பறைக் குரலில் கேட்டார். மாடியில் பிள்ளைகள் படிப்பது நின்றுபோயிற்று.

நான் வாயைத் திறந்து, ஓடினதை நானும் கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரீச்சர் எனக்கும் படிப்பித்தவர். அந்தச் சாட்டு இன்றுவரை எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வரிசையில் முதலாவதாக நின்ற சிவரூபன் தன் மெசினை மேசையிலிருந்து மெல்ல எடுத்தார். பிறகு பார்க்கலாம் என்றார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். இந்த ஒழுங்கையில் ஒரு கதை வாசலைத் தாண்டினால் பின்னேரத்துக்குள் கோயில் வீதி முழுக்கப் போய்விடும். பன்னிரண்டு வருடப் பெயர் அந்தக் காலையோடு முடியப் போகிறது என்பது பத்மாசினிக்கும் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவள் திருப்புளியை எடுத்தாள். இங்கேயே திறப்போம் என்றாள். திறந்தால் வொரன்ரி போய்விடும், மகன் தொடவேண்டாம் என்று சொன்னவன் என்றார் ரீச்சர்.

"வொரன்ரி போனால் போகட்டும், ரீச்சர். என்ரை பேர் போறதைப் பாத்துக்கொண்டு நான் நிக்கமாட்டன்."

மேல்மூடி கழன்றது. உள்ளே மின்பலகை மஞ்சளாக இருந்தது. துருவின் மஞ்சள் இல்லை, சமையல் மஞ்சள். விசிறி மோட்டரைச் சுற்றி இன்னும் ஈரம் காயவில்லை. விசிறி இதழுக்குள் அறுகம்புல் ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது. பத்மாசினி அதைக் குறட்டால் இழுத்து மேசையில் வைத்தாள்.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு கழுவி அறுகம்புல்லால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற கையோடு மெசினுக்கும் ஒரு செம்பு ஊற்றிவிட்டார் என்று நினைத்தோம். பத்மாசினி சிரிக்கவில்லை.

"நான் கழுவித்தானே தந்தனான். பிறகு ஏன் கழுவினியள்?"

கொடியேற்றத்துக்கு எல்லாவற்றுக்கும் தெளிப்பதுதானே என்று ரீச்சர் முணுமுணுத்தார்.

"பிரிஜ்ஜுக்கும் ஊத்தினியளோ? ரீவிக்கும் ஊத்தினியளோ?"

கீர்த்திகாதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கடை கை பட்டதெண்டுதான், அக்கா. நான் வேண்டாமெண்டு சொன்னனான். அம்மா கேக்கேல்லை."

சிரிப்பு அடங்கியது. வாசலில் நின்ற ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் அதில் கேவலம். கடற்கரைப் பெண் தொட்ட தீட்டு என்று எத்தனை வீட்டில் அந்த மெசின்கள் இரண்டாம் தரம் துடைபட்டனவோ, துடைத்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கடையில் இருந்த நானே நாலு வருடம் அவள் நீட்டிய தேநீரை, வயிறு எரியும் என்று சொல்லித் தள்ளியிருக்கிறேன். எனக்கு வயிறு ஒருநாளும் எரிந்ததில்லை.

பத்மாசினியின் முகம் கறுத்துப்போயிற்று. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மூடியை மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

ரீச்சர் கிட்டப் போய், நடந்தது நடந்துவிட்டது, இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம், மகன் கேட்டால் மின்னல் அடித்தது என்று சொல்கிறேன், எப்படியாவது திருத்தித் தாரும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"திருத்தலாம்," என்றாள் பத்மாசினி. "சேர்க்கிட் போட்டைத் துடைச்சுக் காயவிட்டால் வேலை செய்யும். ஆனா அதுக்கும் என்ரை கைதான் படவேணும், ரீச்சர். வெளியிலை மட்டுமில்லை, உள்ளுக்கையும் எல்லா இடமும் படும். படட்டும் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுப் போங்கோ. இல்லாட்டில் உப்பிடியே கொண்டுபோங்கோ."

ரீச்சர் மகளைப் பார்த்தார். மகள் மெசினைத் தூக்க வரவில்லை. ஒழுங்கையைப் பார்த்தார். கடைசியில் உதட்டுக்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை, ரீச்சர். பின் வாங்கிலிலை இருக்கிறவைக்கும் கேக்கவேணும்."

அந்த வசனத்தை அவரிடம் படித்த நாங்கள் எல்லாரும் வகுப்பில் ரீச்சரின் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்போம். ரீச்சரின் கழுத்து சிவந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"உம்முடைய கை படட்டும்," என்றார். இந்த முறை மாடிவரைக்கும் கேட்டது.

பத்மாசினி தன் கையை விரித்து மெசினுக்குள் வைத்து, மஞ்சள் ஈரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வழித்தெடுத்தாள். ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை வந்து எடுக்கச் சொன்னாள்.

ரீச்சர் ஓட்டோவில் ஏறிய பிறகு சிவரூபன் தன் மெசினை மறுபடியும் முன்னால் நீட்டினார். தான் அவசரத்தில்தான் எடுத்தது, தன் வீட்டில் அப்படி ஒன்றும் பார்ப்பதில்லை என்றார். பத்மாசினி அதை வாங்கக் கையை நீட்டவில்லை. மஞ்சள் அப்பிய கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.

அவரும் சொன்னார்.